கல்லுக்கு வயது சொல்லும் ரசாயனம்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மண்ணுக்குள்ளும் பாறைக்குள்ளும் புதைந்து கிடக்கும் ஒரு சிப்பியின் வயதை மனிதன் எப்படிக் கண்டுபிடிக்கின்றான் என்பதாகும். "கல்லுக்கு வயது என்னவானால் நமக்கென்ன? கல்லா நமக்குச் சோறு போடப் போகின்றது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பொன்றுமில்லை. ஆனால் ஒருவன் வந்து, "இந்த மலை கிருதயுகத்தில் உண்டானது, ஆகவே இதைக் கும்பிடு, உண்டியலில் காசு போடு" என்று சொல்லும்போது, கல்லின் வயது நம்முடைய மடிவரைக்கும் வந்துவிடுகின்றது. ஒன்று பழமையானது, ஆகவே உயர்ந்தது, ஆகவே அதைக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லித்தானே நம் தலையில் இத்தனை சுமையும் ஏற்றப்பட்டிருக்கின்றது?

ஆகையால் ஒரு பொருள் இத்தனை வருஷத்தியது என்று யார் சொன்னாலும், "உனக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்கின்ற பழக்கம் நமக்கு வேண்டும். அந்தக் கேள்வியைப் புராணக்காரரிடம் மாத்திரம் கேட்டால் போதாது. விஞ்ஞானி சொன்னாலும் அதையே கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் என்ன பதில் சொல்லியிருக்கின்றார்கள், எங்கே தவறினார்கள், தவறியபோது என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப்போகின்றேன்.

சோதிக்க முடியாத கணக்குகள்

அயர்லாந்து தேசத்தில் ஜேம்ஸ் அஷ்ஷர் என்று ஒரு ஆர்ச் பிஷப் இருந்தார். அவர் பைபிளில் உள்ள வம்சாவளிகளையும் பழைய ராஜாக்களின் காலங்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, உலகம் கி.மு. 4004-ம் வருஷம் அக்டோபர் மாதம் 23-ந் தேதிக்கு முந்தின இரவில் படைக்கப்பட்டது என்று 1650-ல் எழுதினார். அவர் மூடரல்ல, பல பாஷைகளைப் படித்த பெரிய படிப்பாளி. நம் நாட்டுப் பஞ்சாங்கக்காரரோ கலியுகத்திற்கு மாத்திரம் 4,32,000 வருஷம் என்றும், நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000 வருஷம் என்றும் சொல்லுகின்றார். ஒன்று சின்னக் கணக்கு. மற்றொன்று பெரிய கணக்கு. இந்த இரண்டு பேருக்கும் வழக்கு வந்தால் யார் தீர்ப்புச் சொல்லுவது? எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? அவருக்கு அவருடைய புத்தகம். இவருக்கு இவருடைய புத்தகம். இரண்டுக்கும் வெளியே போய்ச் சரிபார்க்க வழியில்லை.

தோழர்களே! இந்தக் கணக்குகளின் குற்றம் தொகை சிறிதாயிருப்பதிலும் இல்லை, பெரிதாயிருப்பதிலும் இல்லை. தப்பாயிருந்தால் தப்பென்று காட்டிக்கொடுக்கும் வழியொன்றும் அவற்றில் இல்லை என்பதே குற்றம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எந்தக் கல்லுக்கு எந்தக் கணக்கு?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகின்றேன். எல்லாப் பாறைக்கும் ஒரே முறையில் வயது சொல்ல முடியாது. பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகி உண்டான கருங்கல் போன்ற பாறைகள் உண்டு. அவற்றில் உயிர்ப் பொருள் எதுவும் கிடையாது. அவற்றின் வயதை யுரேனியம் என்னும் உலோகம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கின்றது என்பது போன்ற கணக்குகளைக் கொண்டு சொல்லுகின்றார்கள். அந்த வழியில்தான் கிளேர் பாட்டர்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, வானத்திலிருந்து விழுந்த எரிகற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி வருஷம் என்று 1956-ல் வெளியிட்டார்.

இன்னொரு விதமான பாறை, கடலடியிலும் ஏரியடியிலும் மண்ணும் மணலும் சிப்பியும் எலும்பும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி உண்டாவது. அதில் கிடக்கும் சிப்பி, நத்தை ஓடு, முட்டை ஓடு இவைகளுக்குள் ஒரு காலத்தில் உயிரோடிருந்த ஜந்துவின் சத்து இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தைச் சோதித்து அந்த ஜந்து செத்து எவ்வளவு காலமாயிற்று என்று கண்டால், அது கிடக்கும் படிவின் வயதும் ஏறக்குறைய தெரிந்துவிடும். அந்த மிச்சத்திற்குப் பெயர்தான் அமினோ அமிலம்.

இடக்கையும் வலக்கையும்

நம்முடைய சதை, மயிர், நகம், பருப்பு, முட்டை ஆகிய எல்லாவற்றிலும் புரதம் என்ற சத்து இருக்கின்றது. வீட்டுச் சுவருக்குச் செங்கல் எப்படியோ அப்படிப் புரதத்திற்கு அமினோ அமிலம். சுமார் 20 வகைச் செங்கற்களை மாற்றி மாற்றி அடுக்கித்தான் உயிருள்ள எல்லாப் புரதமும் கட்டப்பட்டிருக்கின்றது. பிராமணன் உடம்பிலும் பறையன் உடம்பிலும் பன்றியின் உடம்பிலும் அதே 20 வகைதான். இதில் உயர்ந்த செங்கல், தாழ்ந்த செங்கல் என்பது கிடையாது.

இந்தச் செங்கற்களில் கிளைசின் என்ற ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் இரண்டு வடிவத்தில் இருக்கக்கூடியவை. உங்கள் இரண்டு கைகளையும் பாருங்கள். விரல்கள் ஐந்தும் ஒரே மாதிரிதான். ஆனாலும் ஒன்றின்மேல் ஒன்றை, இரண்டு உள்ளங்கையும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தால், பொருந்துகின்றதா? இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டினால் நடக்க முடிகின்றதா? அதுபோலவே ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்று இடக்கை, மற்றொன்று வலக்கை. இப்படி ஒரே பொருள் இரண்டு கையாக இருக்கலாம் என்பதை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர். 1848-ல், 25 வயது வாலிபராயிருந்தபோது, அவர் திராட்சை ரசத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு உப்பின் படிகங்களைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இடக்கைப் படிகத்தைத் தனியாகவும் வலக்கைப் படிகத்தைத் தனியாகவும் பொறுக்கியெடுத்தார்.

இப்பொழுது ஆச்சரியத்தைக் கேளுங்கள். உயிருள்ள ஜந்துக்கள் தங்கள் புரதங்களைக் கட்டுவதற்கு எடுத்துக்கொள்வது இடக்கை அமினோ அமிலத்தையே. ஜந்து உயிரோடிருக்கும் வரையில் பழைய புரதம் கழிந்து புதிய புரதம் உண்டாகிக்கொண்டேயிருப்பதால் இந்த ஒழுங்கு காப்பாற்றப்படுகின்றது. செத்த பிறகு காப்பாற்ற யாருமில்லை. இடக்கையெல்லாம் ஒவ்வொன்றாக வலக்கையாக மாறத் தொடங்குகின்றது.

ஒரு கூடத்தில் நூறு பேர் இடதுபக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒருவர் எழுந்து வலதுபக்கம் போகின்றார். கொஞ்ச நேரங்கழித்து இன்னொருவர் போகின்றார். வலதுபக்கம் போனவர்களிலும் சிலர் திரும்பி வருகின்றார்கள். நீங்கள் வெளியே போய்விட்டு வந்து, வலதுபக்கத்தில் பத்துப்பேர் இருக்கக் கண்டால், இவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மதிப்பிடலாம். இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பதாகிவிட்டால்? பிறகு எத்தனை நேரமானாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அப்போது காலம் சொல்ல முடியாது. அதாவது இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில்தான் மணி சொல்லும். நின்றுபோன பிறகு "குறைந்தபட்சம் இவ்வளவு காலம்" என்று மாத்திரம் சொல்லும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலுள்ள கார்னிஜி ஆராய்ச்சி நிலையத்தில் பிலிப் ஏபெல்ஸன் என்பவர், மிகப் பழைய சிப்பிகளிலும் எலும்புகளிலும் கூட அமினோ அமிலம் மிச்சமிருக்கின்றது என்பதை 1950-களின் நடுவில் காட்டினார். அதே நிலையத்தில் எட்கார் ஹேர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், பழைய சிப்பிகளில் வலக்கையின் பங்கு அதிகமாயிருக்கின்றது, ஆகவே இதைக் காலம் கணக்கிட உபயோகிக்கலாம் என்பதை 1960-களின் கடைசியில் எடுத்துச் சொன்னார்கள். சோதிக்கும் முறையும் ரகசியமான மந்திரமல்ல. ஓட்டைச் சுத்தம் செய்து, உப்புத் திராவகத்தில் கரைத்து, 110 டிகிரி சென்டிகிரேடு அளவில் பல மணிநேரம் சூடாக்கிப் புரதத்தைத் தனித்தனிச் செங்கல்லாகப் பிரித்து, இடக்கை எவ்வளவு, வலக்கை எவ்வளவு என்று கருவியில் அளப்பார்கள். யார் வேண்டுமானாலும் அதே ஓட்டில் ஒரு துண்டை எடுத்துத் திரும்பவும் செய்து பார்க்கலாம்.

வயது தெரிந்த இடத்தில் சோதனை

"நீங்கள் சொல்லுவது சரியென்று எப்படி நம்புவது? ஐம்பதினாயிரம் வருஷத்துக்கு முன் யார் பார்த்தார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு முதல் பதில், வயது நமக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தில் இந்த முறையைச் சோதித்துப் பார்ப்பது.

மனிதனுடைய பல்லின் உட்பகுதி ஒருமுறை உண்டான பிறகு சதையைப்போலப் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே ஆள் உயிரோடிருக்கும்போதே அதில் உள்ள ஆஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறிக்கொண்டு வருகின்றது. வருஷத்திற்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுகின்றது என்பதை ஹெல்ப்மன், படா என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1975-லும் 1976-லும் காட்டினார்கள். பல் யாருடையதோ அவருடைய வயது பிறப்புப் பதிவில் இருக்கின்றது. இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம். நன்றாகச் செய்தால் சில வருஷ வித்தியாசத்தில் வயது கிடைக்கின்றது. பிற்பாடு ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அடையாளந் தெரியாத பிணத்தின் வயதைக் கண்டறிய இதை உபயோகித்திருக்கின்றார்கள். பெயரும் ஊரும் தெரியாமல் கிடந்த ஒருவரை அவருடைய குடும்பத்தாரிடம் சேர்ப்பதற்கு ஒரு பல் உதவுகின்றதென்றால், இந்த ரசாயனம் வெறும் கல்லாராய்ச்சி மாத்திரமல்ல என்பதைக் கவனியுங்கள்.

சூடு செய்யும் மாற்றம்

நிற்க, பல்லில் இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு சரியாக வருகின்றது? நம் உடம்பின் சூடு இரவிலும் பகலிலும், கோடையிலும் மாரியிலும் ஏறக்குறைய 37 டிகிரிதான். மண்ணுக்கு அப்படியல்ல. இங்கேதான் இந்த முறையின் பெரிய சங்கடம் இருக்கின்றது.

சித்திரை மாதத்தில் மத்தியானம் வடித்த சோறு இராத்திரிக்குள் ஊசிப்போகின்றது. மார்கழியில் மறுநாள் வரையிலும் தாங்குகின்றது. சோறு ஒன்றுதான், சூடு வேறு. அமினோ அமிலம் கை மாறுவதும் அப்படியே. நான்கு டிகிரி சூடு கூடினால் மாறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றது. ஆகவே பனிப்பிரதேசத்தில் கிடந்த சிப்பியும் பாலைவனத்தில் கிடந்த சிப்பியும் ஒரே நாளில் செத்திருந்தாலும், பாலைவனத்துச் சிப்பி மிகவும் கிழடாகத் தோன்றும். வெயில்படும்படி மேலாகக் கிடந்ததற்கும் ஆழத்தில் புதைந்து கிடந்ததற்கும் வித்தியாசமுண்டு. காட்டுத்தீயில் அகப்பட்டால் சில மணிநேரத்தில் பல்லாயிரம் வருஷம் ஆனதுபோல் காட்டிவிடும். ஜந்துவுக்கு ஜந்து வேகமும் மாறும்.

ஆகையால் வெறும் இடக்கை வலக்கைக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் வயது சொல்லிவிட முடியாது. அந்தப் பிரதேசத்தில், அதே ஜாதி ஜந்துவின் ஓடுகளில், வேறு முறையினால் வயது நிச்சயிக்கப்பட்ட ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அது சந்தையில் எடைக்கல் போன்றது. எடைக்கல் சரியாயிருந்தால் எடை சரியாயிருக்கும். எடைக்கல்லே தப்பாயிருந்தால்? அதைத்தான் இப்போது சொல்லப்போகின்றேன்.

கலிபோர்னியாவில் நடந்தது

அமெரிக்கக் கண்டத்திற்கு மனிதன் எப்போது வந்தான் என்பது பெரிய வாதம். மேலே சொன்ன படா, அதாவது ஜெப்ரி படா, கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவராயிருந்தார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த மாகாணத்தில் கிடைத்த பழைய மனித எலும்புகளை ஆஸ்பார்டிக் அமில முறையால் சோதித்து, டெல் மார் என்ற இடத்து மண்டையோட்டுக்குச் சுமார் 48,000 வருஷம் என்று 1974-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷத்தில் சன்னிவேல் என்ற இடத்து எலும்புக்கு 70,000 வருஷம் என்று சொன்னார்கள். பத்திரிகைகளெல்லாம் பெரிய எழுத்தில் போட்டன.

இதற்கு அவர்கள் எடைக்கல்லாக வைத்துக்கொண்டது, லகூனா என்ற இடத்தில் கிடைத்த ஒரு மண்டையோடு. அதற்குக் கார்பன் முறைப்படி 17,150 வருஷம் என்று முன்னமேயே ஒருவர் சொல்லியிருந்தார். பிறகு 1980-களில் மிகச் சிறிய துணுக்கையும் நுட்பமாகச் சோதிக்கக்கூடிய புதிய கார்பன் கருவி வந்தது. அதில் லகூனா மண்டையோட்டைத் திரும்பவும் சோதித்தபோது வயது 17,000 அல்ல, சுமார் 5,100 வருஷமே என்று தெரிந்தது. எடைக்கல்லின்மேல் மூன்று பங்குக்கு மேலாக அதிகமாக எழுதி வைத்திருந்தார்கள்! அதைக்கொண்டு நிறுத்ததெல்லாம் அதிகமாகத்தானே காட்டும்?

ஆனால் அதுமாத்திரமல்ல. 48,000-ஐ அந்தக் கணக்கின்படி குறைத்தாலும் 14,000-க்கு மேல்தான் வருகின்றது. எலும்புகளின் உண்மை வயதோ அதைவிடவும் குறைவாக வந்தது. ஆகவே வேறொரு குற்றமும் இருந்தது. எலும்பு என்பது சல்லடை மாதிரி. மழைத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளேயிருக்கும் புரதம் சிதைந்து கரைந்து வெளியே போகும். மண்ணிலிருக்கும் மற்றச் சத்து உள்ளே வரும். ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு எலும்புகள்கூட, ஒன்று கெட்டுப்போயிருந்தால், வேறு வேறு வயது காட்டும். கடைசியில் 1985-ல் பல விஞ்ஞானிகள் கூடி, இப்படி மிகப் பழையவை என்று சொல்லப்பட்ட வட அமெரிக்க எலும்புகளையெல்லாம் புதிய கருவியில் சோதித்து, அவைகளில் ஒன்றுகூடக் கார்பன் கணக்கில் 11,000 வருஷத்தைத் தாண்டவில்லை என்று அறிவித்தார்கள்.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கலிபோர்னிய எலும்புகளின் புதிய கார்பன் வயதை 1984-ல் வெளியிட்ட கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? முதலில் 48,000 வருஷம் என்று சொன்ன அதே படாதான்! தன்னுடைய கணக்கு விழுந்துபோகும் என்று தெரிந்தும் எலும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், இன்னொருவருடைய கருவிக்குக் கொடுத்து, வந்த முடிவைத் தானே வெளியிட்டார்.

எதிரிகள் சொல்லும் வாதம்

இந்தக் கதையைக் கேட்டவுடன் சாஸ்திரக்காரர்களுக்கும் பைபிள்காரர்களுக்கும் மிகவும் சந்தோஷம் வந்துவிடுகின்றது. "பார்த்தீர்களா! நேற்று 48,000 என்றார்கள். இன்று 5,000 என்கின்றார்கள். இவர்களுடைய சயன்ஸே இப்படித் தடுமாறுகின்றது. எங்கள் வேதமோ என்றைக்கும் மாறாதது" என்கின்றார்கள். இது மேலுக்குப் பார்த்தால் பலமான வாதமாகத் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஊரில் இரண்டு மளிகைக்கடை இருக்கின்றது. ஒரு கடைக்காரர் கணக்குப் புத்தகம் வைத்திருக்கின்றார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கின்றார். ஒருநாள் அதில் ஒரு தப்பு அகப்பட்டது. திருத்தி, வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மற்றொரு கடைக்காரர் கணக்கே எழுதுவதில்லை. "என் வாக்கே கணக்கு" என்கின்றார். முதல் கடையில் தப்பு அகப்பட்டது என்பதற்காக, "ஆகவே இரண்டாவது கடைக்காரர் யோக்கியர்" என்று யாராவது சொல்லுவார்களா? அந்தக் கடையில் தப்பு அகப்படாததற்குக் காரணம் தப்பில்லாமையா, புத்தகமில்லாமையா?

மேலும் கலிபோர்னியத் தப்பைக் கண்டுபிடித்தது யார்? எந்த வேதத்தைப் படித்தாவது, எந்த மடாதிபதியாவது, எந்தப் பாதிரியாவது கண்டுபிடித்தாரா? இன்னொரு கடிகாரத்தை வைத்துக்கொண்டிருந்த இன்னொரு விஞ்ஞானிதான் கண்டுபிடித்தார். இன்னொன்று: எலும்பின் வயது குறைந்ததே ஒழிய, பூமியின் வயது ஒரு வருஷங்கூடக் குறையவில்லை. அது வேறு கடிகாரம், வேறு சாட்சி.

தப்பிலிருந்து கற்றது

அதோடு இந்த முறையைத் தூக்கி எறிந்துவிட்டார்களா? இல்லை. எங்கே சரியாக ஓடும், எங்கே ஓடாது என்பதைப் பிரித்துக்கொண்டார்கள். சல்லடைபோன்ற எலும்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, ஜாடிபோல இறுக மூடியிருக்கும் பொருள்களைத் தேடினார்கள். தீக்கோழி முட்டை ஓடு அப்படிப்பட்டது. சிலவகை நன்னீர் நத்தைகள் தங்கள் வாயை மூடிக்கொள்ள வைத்திருக்கும் சுண்ணாம்பு மூடியும் அப்படிப்பட்டது. இவைகளின் படிகத்துக்குள்ளே சிறைப்பட்ட புரதத்தில் வெளித் தண்ணீர் எளிதில் கலப்பதில்லை. ஓட்டைப் பொடியாக்கி, சலவைக்காரத்தில் நெடுநேரம் ஊறவைத்து வெளிப்புற அழுக்கையெல்லாம் அழித்துவிட்டு, உள்ளே அகப்பட்டதை மாத்திரம் அளக்கின்றார்கள். இங்கிலாந்தில் பித்தினியா என்ற நத்தையின் மூடிகளைக் கொண்டு பல இடத்துப் படிவுகளை முன்பின்னாக வரிசைப்படுத்திக் கிர்ஸ்டி பெங்க்மன் என்ற பெண்மணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011-ல் வெளியிட்டார்கள். அந்நாட்டில் பேக்பீல்டு என்ற கடற்கரை ஊரில் சுமார் 7,00,000 வருஷத்திய படிவில் மனிதன் செதுக்கிய 32 சிக்கிமுக்கிக் கற்கள் கிடைத்ததை 2005-ல் வெளியிட்டபோது, மற்றச் சாட்சிகளோடு அமினோ அமிலமும் ஒரு சாட்சியாக நின்றது. ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜெனியார்னிஸ் என்று ஒரு பறக்கமாட்டாத பெரும்பறவை இருந்து அழிந்துபோயிற்று. கிபோர்டு மில்லர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 700-க்கு மேற்பட்ட முட்டை ஓடுகளைச் சோதித்து, அது ஏறக்குறைய 50,000 வருஷங்களுக்கு முன் அழிந்தது என்று 1999-ல் சொன்னார்கள். 2016-ல், சில ஓடுகள் ஒரு முனையில் மாத்திரம் கருகியிருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். கருகிய முனையில் அமினோ அமிலம் அழிந்துபோய், சிறிது தூரத்திலேயே கெடாமலிருந்தது. காட்டுத்தீயானால் ஓடு முழுவதும் வெந்திருக்கும். ஒரு பக்கம் மாத்திரம் நெருப்பு பட்டதானால் அது மனிதன் மூட்டிய அடுப்பாக இருக்க வேண்டும் என்று வாதித்தார்கள். உடனே வேறு சிலர், "இந்த ஓடு அந்தப் பறவையினுடையதே அல்ல" என்று ஆட்சேபித்தார்கள். 2022-ல் ஓட்டின் புரதத்தை மற்றப் பறவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஜெனியார்னிஸ்தான் பொருந்துகின்றது என்று காட்டினார்கள். ஆட்சேபித்தவர்களை யாரும் நாஸ்திகரென்று ஊர் விலக்குச் செய்யவில்லை. அவர்கள் ஆட்சேபித்ததினால்தான் விஷயம் முன்னைவிட உறுதிப்பட்டது.

தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்ட படாவும் சும்மாயிருக்கவில்லை. வடதுருவக் கடலிலுள்ள வில்தலைத் திமிங்கிலங்களின் கண் மணியில் உள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தை அளந்து, அவைகளின் வயதைச் சொல்லும் வேலையில் அவரும் சேர்ந்தார். 48 திமிங்கிலங்களைச் சோதித்து 1999-ல் வெளியிட்டதில் ஒன்றுக்கு 211 வருஷம் என்று வந்தது. 35 வருஷம் முன்பின்னாக இருக்கலாம் என்றும் கூடவே எழுதினார்கள். இதற்கு இரண்டாவது சாட்சியும் கிடைத்தது. அந்தப் பிரதேசத்தில் பிடிக்கப்பட்ட சில திமிங்கிலங்களின் உடம்புக்குள், ஒரு நூற்றாண்டுக்கு முன்னமே வழக்கொழிந்துபோன மாதிரியான கல் ஈட்டிமுனைகள் சிக்கியிருந்தன. ரசாயனமும் ஈட்டியும் ஒன்றையே சொல்லுகின்றன.

பாறை சொன்ன பொய்

கடைசியாக ஒன்று. தென் ஆப்பிரிக்காவில் பிக் ட்ரீ என்று பெயருள்ள பாறைப் படிவு இருக்கின்றது. அதன் வயது 300 கோடி வருஷத்துக்கு மேல். 1960-களில் அதற்குள் அமினோ அமிலம் இருப்பதைக் கண்டார்கள். 300 கோடி வருஷத்திய ஜீவசத்து என்றால் எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் அதை அப்படியே விட்டுவிடாமல், இடக்கையா வலக்கையா என்று 1969-ல் சோதித்தார்கள். எல்லாம் இடக்கையாகவே இருந்தது. அவ்வளவு காலம் கிடந்திருந்தால் பாதிக்குப் பாதியாகக் கலந்து போயிருக்க வேண்டுமே! ஆகவே அது பாறையோடு பிறந்ததல்ல, நேற்றைய தண்ணீரோ நேற்றைய கிருமியோ விரிசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தது என்று முடிவு கட்ட வேண்டியதாயிற்று. பாறை கிழம், அதன் மடியிலிருந்த சத்து குழந்தை. வயது சொல்ல முடியாத இடத்திலும், "இது பழையதல்ல" என்று போலியைக் காட்டிக்கொடுக்க இந்த ரசாயனம் உதவுகின்றது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

தோழர்களே! இவ்வளவு நேரம் சொன்னதில் தொகைகள் உங்களுக்கு மறந்துபோனாலும் பாதகமில்லை. இனிமேல் யாராவது உங்களிடம் வந்து, "இது இத்தனை ஆயிரம் வருஷத்தியது" என்று சொன்னால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எதை அளந்து சொன்னாய்? எந்த எடைக்கல்லை வைத்துக்கொண்டு அளந்தாய்? எந்தக் காரணத்தால் உன் கணக்குத் தப்பாகக் கூடும்? வேறு யாராவது வேறு வழியில் பார்த்து ஒப்புக்கொண்டார்களா?

இந்த நான்குக்கும் பதில் சொல்லக்கூடியவர் சொன்னது நாளைக்கு மாறினாலும் மாறலாம்; ஆனாலும் இன்றைக்கு அதைக் கவனிக்கலாம். நான்குக்கும் பதில் சொல்லாமல், "கேட்பது பாவம்" என்கின்றவர் சொன்னது என்றைக்கும் மாறாது. மாறாததனாலேயே அது உண்மையாகிவிடாது. விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி ஒருவர் "நான் சொன்னேன், நம்பு" என்றால், அவரும் பூணூலில்லாத புரோகிதரே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் சொன்னதையும் இந்த மேடையில் சொன்னான் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வாசகசாலையில் புத்தகங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிக்கின்ற உங்கள் பிள்ளைகள் இருக்கின்றார்கள், அவர்களைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் அந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். நான் சொன்னதில் தப்பிருக்குமானால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அப்படி ஒருவர் எழுந்து சொல்லுவாரானால், இன்று நான் பேசியது வீண்போகவில்லை என்று எண்ணிக்கொள்ளுவேன்.